நீலமா, பழுப்பா

என் அக்காவின் வீட்டுக்காரர் காலையில் குளித்து வந்ததும் செய்யும் முதல் காரியம், இரண்டு சட்டைகளைக் கட்டிலில் விரித்துப் போட்டுவிட்டு நடுவில் நிற்பது. இரண்டும் வெள்ளை. இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. இதைத் தூக்கிப் பார்ப்பார், அதைத் தூக்கிப் பார்ப்பார், காலரைத் தடவுவார், ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடிப்பார். கடைசியில் அக்கா வந்து ஒன்றை எடுத்து அலமாரிக்குள் வைத்தால்தான் மற்றொன்று அவர் உடம்பில் ஏறும். ஐம்பத்திரண்டு வயது மனிதர். இந்த லட்சணத்தில், எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

கடைத்தெருவில் மருந்துக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே இருக்கிற கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. டாக்டர் இல்லை. ஆனால் யாராவது டாக்டர் என்று கூப்பிட்டால் திருத்தவும் மாட்டார். கடையின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. உயரமான நாற்காலி ஒன்று, எதிர்ச் சுவரில் பெரிதாகத் தொடங்கிப் பொடியாக முடியும் எழுத்துப் பலகை, மேஜைமேல் ஒரு பெட்டி நிறைய லென்ஸ்கள். உட்கார்ந்தவர் மூக்கில் கனமான ஒரு வட்டச் சட்டத்தை மாட்டி அதில் ஒரு லென்ஸைச் செருகுவார். எடுப்பார். வேறொன்றைச் செருகுவார். "இதுவா, அதுவா?" என்பார். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது கேட்பார். இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் ஒரு வித்தை வைத்திருக்கிறார். போட்ட லென்ஸை எடுத்து, பெட்டியில் வேறு எதையோ தேடுகிற மாதிரி கடகடவென்று சத்தம் எழுப்பிவிட்டு, அதே லென்ஸைத் திரும்பவும் செருகுவார். "இப்ப சொல்லுங்க. முதல்ல பாத்ததா, ரெண்டாவதா?" என்பார். "ரெண்டும் ஒன்னாத்தாங்க தெரியுது" என்று சொன்னால் அந்த ஆள் நம்பத் தகுந்தவர். அதுவரை சொன்னதெல்லாம் கணக்கில் சேரும். "ரெண்டாவதுதான் பளிச்சுன்னு இருக்கு" என்றால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. வித்தையில் எனக்கு ஒன்றும் குறை தெரியவில்லை. அன்றைக்கு மாட்டிக்கொண்டவர்களின் கதையைச் சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே, அதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. ஏரிக்கரையில் இருக்கும் படகுக் கடையில் மெக்கானிக் வேலைக்குச் சேரப்போனேன். கிரேன் ஓட்ட வேண்டியிருக்கும், கண் பார்த்துச் சீட்டு வாங்கி வா என்றார்கள். அக்கா அப்போது அந்தக் கண்ணாடிக் கடையில்தான் கல்லாவில் இருந்தாள். எங்கே வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கு. மூக்கின்மேல் சட்டம் அழுத்துகிறது, கண்ணில் தண்ணீர் கட்டுகிறது, அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஏதாவது ஒன்றைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? "ரெண்டாவதுங்க" என்றேன்.

அவர் கதவைத் திறந்து வெளியே போனார். கல்லாவில் அக்கா, பெஞ்சில் அப்பா, கண்ணாடி வாங்க வந்த நாலு பேர். "உங்க தம்பிக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. வாய்தான் சரியில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்பா சிரித்ததைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

பிறகு அந்த மனிதர் அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் குடும்பத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தார். அந்தக் கதையும் சொல்லத்தான் வேண்டும். கல்லாவில் என் அக்கா, பக்கத்துச் சலவைக் கடையில் இன்னொரு பெண். இரண்டு வருஷம் இருவரோடும் டீ குடித்தார், இருவரோடும் சினிமாவுக்குப் போனார், இருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சலவைக் கடைப் பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். மறு வாரமே இவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். நன்றாக யோசித்து எடுத்த முடிவு என்று இன்றைக்கும் பெருமை பேசிக்கொள்கிறார். அடேயப்பா, என்ன ஒரு யோசனை.

அன்றிலிருந்து எனக்குக் கேலிதான். கேக் வெட்டினால், "மாப்ள, இந்தத் துண்டா அந்தத் துண்டா? ரெண்டாவதுதானே?" என்பார். என் கல்யாணத்தில் போட்டோக்காரர் இரண்டு படம் எடுத்துவிட்டு எது நன்றாக வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இவர் இடையில் புகுந்து, "மாப்ளைக்கு ரெண்டாவதுதான் பளிச்சுன்னு தெரியும்" என்றார். என் பெண்டாட்டி வீட்டு ஆட்கள் அர்த்தம் கேட்டார்கள். உட்கார்ந்து விவரமாகச் சொன்னார். எதற்கு இத்தனையும் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்த காரியத்தைச் சும்மா ஒன்றும் செய்துவிடவில்லை என்று தெரிய வேண்டும்.

போன வருஷம் அக்கா மகள் பள்ளிக்கூடம் முடித்தாள். மேல்படிப்புக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்தது. கோடை முடிகிற நேரம் கிளம்ப வேண்டும், அப்புறம் நாலு வருஷத்துக்கு வரப்போவதில்லை. ஒரே பெண். அக்கா அழவில்லை. அழுவதற்குப் பதிலாக ஒரு ஆசை வைத்தாள்.

அக்காவுக்குப் படகு என்றாலே பயம். சின்ன வயதில் ஆடுகிற படகிலிருந்து ஒரு முறை தண்ணீரில் விழுந்தவள். ஒரு நாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது, கரையில் கட்டியிருந்த ஒரு வாடிக்கையாளரின் மிதவைப் படகில் அவளைக் கைபிடித்து ஏற்றினேன். அது மற்ற படகு மாதிரி இருக்காது. அடியில் இரண்டு நீண்ட அலுமினியக் குழாய்கள், அதன்மேல் ஒரு அறை மாதிரி சமமான தரை, சுற்றிலும் கம்பித் தடுப்பு, உள்ளே சோபா, தலைக்கு மேல் துணிக்கூரை. அக்கா ஒரு காலால் அழுத்தினாள், மறு காலால் அழுத்தினாள். "இது ஆடவே இல்லையேடா" என்றாள். சோபாவில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்தாள். "அவ போறதுக்கு முன்னால ஒரு நாள் இதுல போகணும்டா. நீ ஓட்டு. நாலு பேரும் தண்ணில ஒரு நாள். அது போதும் எனக்கு."

ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அத்தானிடம் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "வாங்கலாம். வாங்கப்போறவன் எதுக்கு வாடகைக்குப் போகணும்?" என்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ அடிவயிற்றில் சிரிப்பு. ஏனென்றால் எங்கள் கடை முற்றத்தில் அப்போது விற்பனைக்கு நின்றவை சரியாக இரண்டு மிதவைப் படகுகள். ஒன்றுக்கு நீல சோபா, ஒன்றுக்குப் பழுப்பு சோபா.

இரண்டும் ஒரே லாரியில் வந்தவை. இறக்கியவன் நான். இரண்டின் அடியிலும் ஒரே தொழிற்சாலையின் தகடு. வரிசை எண்ணில் கடைசி இலக்கம்தான் ஒன்று தள்ளியிருந்தது. குழாய், வெல்டிங், கதவுத் தாழ்ப்பாள், சோபாவுக்குள் இருக்கும் பஞ்சு எல்லாம் ஒன்று. இரண்டு கம்பெனிகள் ஒரே இடத்தில் செய்யச் சொல்லி வாங்கி, ஆளுக்கொரு பெயரை ஒட்டி, ஆளுக்கொரு நிறத்தில் துணி போட்டு விற்கின்றன. எங்கள் முதலாளி சொல்லிவைத்திருந்தார்: "யாராவது கேட்டா மறைக்காத. கேக்காதவன்கிட்ட நீயாப் போய் சொல்லாத."

முதல் ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். இரண்டு படகும் பக்கத்துப் பக்கத்தில் ட்ரெய்லர்மேல் நின்றன. ஏணி வைத்துக் கொடுத்தேன். அத்தான் கையில் ஒரு புது நோட்டு, நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் நீலம், வலது பக்கம் பழுப்பு என்று எழுதியிருந்தது. எனக்கு என் கோபம் இருந்தாலும், அக்கா முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

"அத்தான், இந்த ரெண்டுலயும்..." என்று ஆரம்பித்தேன்.

"மாப்ள, நீ எட்டி நில்லு. உன்கிட்ட கேட்டா ரெண்டாவதுன்னு சொல்லுவ" என்றார்.

முதலாளி என்ன விஷயம் என்று கேட்டார். இவர் உட்கார்ந்து விவரமாகச் சொன்னார். முதலாளி சிரித்தார், பெயின்ட் அடிக்கிறவர் சிரித்தார், சோபா தைக்கிற அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மறுநாளிலிருந்து பட்டறையில் யாராவது ஸ்பேனர் கேட்டால்கூட, "முதல்ல இருக்கறதா, ரெண்டாவதா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். சரி, பார்க்கட்டும், நல்லா கண்ணை விரிச்சுப் பார்க்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பார்த்தார். பதினேழு ஞாயிற்றுக்கிழமை பார்த்தார்.

நீலத்தில் அரை மணி நேரம் உட்காருவார், பழுப்பில் அரை மணி நேரம். கண்ணை மூடிக்கொண்டு சோபாவைத் தடவுவார். கதவைத் திறந்து மூடி, காதை வைத்துச் சத்தம் கேட்பார். தம்ளர் வைக்கும் குழிக்குள் விரலை விட்டு ஆழம் பார்ப்பார். நோட்டில் எழுதுவார்.

"இதுல முதுகு கொஞ்சம் பின்னால சாயுதுல்ல?" என்று அக்காவைக் கேட்பார்.

"ஆமாங்க."

"அதுலயும் சாஞ்சுதே."

"ஆமாங்க."

"எதுல அதிகம்?"

"உங்களுக்கு எது புடிச்சிருக்கோ அதையே எடுங்க."

"அப்படி எடுக்கறதா இருந்தா நான் எதுக்கு?" என்பார் அந்த மேதாவி.

அக்கா பிளாஸ்க்கில் டீயும் ரொட்டியும் கொண்டுவருவாள். தரையில் நிற்கும் படகில், துணிக்கூரைக்குக் கீழே, மூவரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எதிரே முப்பதடி தள்ளி ஏரி. அதில் நிஜமாகவே படகுகள் போய்க்கொண்டிருக்கும். அக்கா மகள் தடுப்புக் கம்பிக்கு வெளியே காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, போகிறவர்களுக்குக் கையசைப்பாள். சிலர் பதிலுக்குக் கையசைப்பார்கள். சிமென்ட் தரையில் நிற்கிற படகிலிருந்து ஒரு பெண் கையசைக்கிறாளே என்று சிலர் சிரிப்பார்கள். ஒரு முறை தண்ணீரில் இறக்கி ஓட்டிக் காட்டலாமா என்று முதலாளியைக் கேட்டேன். "தண்ணி பட்டா அது பழைய படகுடா" என்றுவிட்டார்.

நான் ஒர்க் ஷாப் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பேன். ஊரில் இருக்கிறவனையெல்லாம் ஒரே லென்ஸைக் காட்டி ஏமாற்றிச் சிரித்த மனிதர், ஒரே படகில் ஏறி ஏறி இறங்குகிறார். அதைப் பார்க்கிறபோது என் மனசுக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். லீவு நாளிலும் வேலைக்கு வந்தேன்.

நடுவில் ஒரு நாள் அக்கா தனியாக வந்தாள். "நாள் ஓடுதுடா. நீ சொன்னா கேப்பாரா?" என்றாள்.

"நான் சொல்லி என்னைக்குக்கா கேட்டிருக்காரு?" என்றேன். அவள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பதினேழாவது ஞாயிறு. வியாழக்கிழமை விமானம். அன்றைக்கு எடுத்தால் திங்களன்று மோட்டார் பொருத்தி, செவ்வாய் தண்ணீரில் இறக்கி, புதன்கிழமை நாலு பேரும் போய்வரலாம். இதை அக்கா முந்தின நாள் இரண்டு தடவை போனில் என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். அத்தான் நீலத்தில் ஏறினார், இறங்கினார், பழுப்பில் ஏறினார். நோட்டில் பக்கம் தீர்ந்து அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் மகள் கீழே இரண்டு படகுக்கும் நடுவில் நின்றாள். "அப்பா, ரெண்டும் ஒன்னுதான்ப்பா" என்றாள்.

இருபத்தாறு வருஷமாக அந்த மனிதர் ஊராரிடம் எதிர்பார்த்த பதில். அதைச் சொல்கிறவர்களைத்தான் யோக்கியர்கள் என்று மெச்சினார்.

"நல்லா பாத்து சொல்லும்மா" என்றார்.

"நல்லா பாத்துட்டேன்ப்பா. நாலு மாசமா பாக்கறேன். ஒரு வித்தியாசமும் இல்ல." சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்கதானே இதுல வேலை பாக்கறீங்க. நீங்க சொல்லுங்க. ரெண்டும் ஒன்னுதானே?"

கேட்டுவிட்டாள். முதலாளி சொன்னபடி, கேட்டால் மறைக்கக் கூடாது. அத்தான் மேலேயிருந்து என்னைப் பார்த்தார். உதட்டோரத்தில் அந்தப் பழைய சிரிப்பு. இருபது வருஷமாக நான் பார்த்த சிரிப்பு.

"எனக்கென்னம்மா தெரியும்? எனக்கு எப்பவும் ரெண்டாவதுதான்" என்றேன்.

அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெயின்ட் அடிக்கிறவரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்பா இறங்கியதும் ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள். வியாழக்கிழமை கிளம்பிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை நீலத்தை யாரோ வந்து பத்து நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு போனார்கள். ஞாயிறன்று அத்தான் வந்தார். நீலம் நின்ற இடம் காலியாகக் கிடந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போய்ப் பழுப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். நோட்டை அவர் திறக்கவேயில்லை.

ஏரியில் படகு விட அனுமதி முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் மூவருமாகப் போனோம். அத்தான், அக்கா, ஓட்டுவதற்கு நான். அக்கா முதலில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தூரம் போனதும் கையை எடுத்தாள். பயப்படவில்லை. பக்கத்து சோபாவில் மகளின் பழைய தொப்பியை வைத்திருந்தாள். காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

அத்தான் கால் நீட்டி உட்கார்ந்து, "நல்ல வேளை, பழுப்பை எடுத்தோம். நீலத்துல முதுகு ரொம்பச் சாஞ்சுது" என்றார்.

நாலு மாதத்துக்கு மேலாக வாய்க்குள் வைத்திருந்ததை எத்தனை நாள்தான் மெல்லுவது? மோட்டாரை அணைத்தேன். "அத்தான், ரெண்டும் ஒரே படகு. ஒரே தொழிற்சாலை. துணியும் ஸ்டிக்கரும்தான் வேற" என்றேன். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் சுருங்குவதைப் பார்க்கத்தானே இவ்வளவும்.

சுருங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "எம்பொண்ணு சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார். "நல்லா பாத்து சொல்லுன்னேனே அவகிட்ட." என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்குப் பதில் தயாராக இருந்தது.

அக்கா கேட்டாள். "உனக்கு எப்பலேர்ந்துடா தெரியும்?"

"மொத நாள்லேர்ந்தே தெரியும்க்கா. அவருதான் என்னைச் சொல்ல விடல. பட்டறைல எல்லார் முன்னாலயும் என்னைய..."

"அவ உன்னைக் கேட்டாளே."

நான் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அவர் அப்படித்தான். இருபது வருஷமா தினமும் ஒரு சட்டையை எடுத்து உள்ள வைக்கறவ நான். எனக்குத் தெரியாதா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "நீ ஒன்னும் சொல்லியிருக்க வேணாம்டா. ஒரு படகை ஷெட்டுக்குள்ள தள்ளி விட்டிருந்தா போதும். மத்ததை அன்னைக்கே எடுத்திருப்பாரு. எம்பொண்ணு இதுல உக்காந்திருப்பா."

எனக்கு அது தோன்றாமல் இல்லை. அவரைப் பற்றி எனக்கு அவ்வளவும் தெரியும். சலவைக் கடைப் பெண் கதையை ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தவனே நான்தான். ஷெட்டும் காலியாகத்தான் இருந்தது.

"படகைத் திருப்பு" என்றாள் அக்கா.

இப்போது அந்தப் படகைக் கழுவுவதும் மூடி வைப்பதும் நான்தான். அவர்கள் வீட்டுக்கு நான் போவது நிற்கவில்லை. போன வாரம் மகளின் பிறந்தநாள் என்று, அவள் இல்லாமலேயே ஒரு கேக் வாங்கி வெட்டினார்கள். அத்தான் தட்டில் ஒரு துண்டை வைத்து என் முன்னால் நகர்த்தினார். இதுவா அதுவா என்று கேட்பாரென்று கொஞ்ச நேரம் பார்த்தேன். கேட்கவில்லை. தண்ணீரில் போய்வந்த அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை.